விட்ட பிறகும் ஏறிய மஞ்சள்

அன்புள்ள கதிர்,

நேற்று சாமான் கட்டும்போது, அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியபடியே நீ ஒன்று கேட்டாய். "ஆஸ்பத்திரில நடுவுல சில நாள் எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லம்மா. அப்ப என்னதான் நடந்துச்சு? நளினியக் கேட்டா அத்தையக் கேளுங்கறா. அப்பாவக் கேட்டா எழுந்து போயிடறாரு." நான் "ஒண்ணும் நடக்கல, நீ பொட்டிய ஒழுங்கா ஒட்டு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். நேருக்கு நேர் சொல்ல ஆரம்பித்திருந்தால் அழுதிருப்பேன், ஊருக்குக் கிளம்புகிற வீட்டில் அது வேண்டாம் என்று தோன்றியது. இன்று காலை உன் புது வேலைக்காக நீயும் நளினியும் மீனுவும் ஓசூருக்குக் கிளம்பிவிட்டீர்கள். வீடு கூட்டியாயிற்று, சமையல் வேலையும் இரண்டு பேருக்கு என்று சுருங்கிவிட்டது. தபால் ஆபீஸில் ஊர்ப்பட்ட கடிதங்களைப் பிரித்து அனுப்பியே ரிட்டையர் ஆனவள் நான். எனக்கென்று ஒன்று எழுத இப்போதுதான் நேரம் வாய்த்திருக்கிறது. இதை நளினியிடமும் காட்டு. அவள் சம்மதித்தால் வேறு யாருக்கு வேண்டுமானாலும் படிக்கக் கொடு. ஆஸ்பத்திரியில் நாம் உட்கார்ந்த அதே நாற்காலிகளில் இன்று வேறு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும்.

ஆடி மாதத்தில் உன் கண் மஞ்சளானதை முதலில் பார்த்தது மீனுதான். "அப்பா கண்ணுல மஞ்சத்தூள் விழுந்திருச்சு" என்று ஓடி வந்தாள். அப்பா உன்னை பால்கனி வெளிச்சத்தில் நிறுத்தி இமையை இழுத்துப் பார்த்தார். நீ பெயின்ட் கம்பெனியில் விற்பனை வேலைக்குச் சேர்ந்த பிறகு, கடைக்காரர்களைக் கவனிக்கிற மீட்டிங் என்று ஆரம்பித்து, பிறகு மீட்டிங் இல்லாத நாளிலும் குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தாய். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்படி வாசலில் நின்று, நளினியிடம் "இனிமே தொட மாட்டேன்" என்று சொன்னாய். குரலை உயர்த்தவில்லை, சத்தியம் எதுவும் செய்யவில்லை. அதனாலேயே நான் நம்பினேன். அடுத்த சில நாள் உனக்குக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. அப்படித் திடீரென்று விடுவதும் ஆபத்து, டாக்டரின் கண்காணிப்பில்தான் விடவேண்டும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. தெரியாமலே அதைத் தாண்டி வந்துவிட்டாய்.

மஞ்சள் காமாலை என்றால் நம் ஊரில் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். திருவெள்ளறைக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்தில் பச்சிலை அரைத்துக் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லி, அப்பா உன்னை அழைத்துப் போனார். உப்பு கூடாது, பருப்பு கூடாது, எண்ணெய் கூடாது, மோர் சோறு மட்டும் என்று பத்தியம். நீ முணுமுணுக்காமல் சாப்பிட்டாய். முகம் வற்றியது, கை கால் குச்சியானது, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது. காய்ச்சல் வந்து, நீ பேசுகிற பேச்சில் கொஞ்சம் குழறல் தெரிந்த அன்றுதான் ஆட்டோவில் ஏற்றி, காவிரிப் பாலம் தாண்டி, தில்லை நகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். கல்லீரல் டாக்டர் ஒரு பெண். உன்னைவிட வயது குறைவாகத்தான் இருப்பார். உன் கண்ணைப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். உன் கைகள் பறவை இறக்கை அடிப்பதுபோல உதறின. அதற்கு மேல் உனக்கு நினைவிருக்காது. அன்று சாயங்காலத்திலிருந்து நீ வேறு எங்கோ போய்விட்டாய்.

எங்கே போனாய் என்று கேட்டால், டவுன் பஸ்ஸில் போனாய். சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன். காலையில் ஊசி போட வந்த நர்ஸம்மாவை "கண்டக்டர், சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்தா சொல்லுங்க" என்றாய். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு உன் கையைப் பிடித்து நரம்பைத் தேடிக்கொண்டே, "அடுத்த ஸ்டாப்புதாங்க, கைய மட்டும் ஆட்டாம உக்காருங்க" என்றார். நீ சமர்த்தாக உட்கார்ந்தாய். கல்லீரல் சுத்தம் செய்து அனுப்பவேண்டிய கழிவுகள் ரத்தத்திலேயே தங்கி மூளையை மயக்குகின்றன, அதற்குத்தான் இந்த மருந்து என்று ஒரு இனிப்பு சிரப் கொடுத்தார்கள். அதைக் குடித்தால் பேதி ஆகும், ஆகவேண்டும். உனக்குத் துணி மாற்றியது பெரும்பாலும் நளினி. நான் மாற்றுகிறேன் என்றால் "நீங்க உக்காருங்க அத்தை" என்பாள். அவள் மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. உன் மஞ்சள் முதல் பரிசோதனையில் இருந்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். காரணத்தை எடுத்துவிட்டால் விளைவு நிற்கவேண்டும் என்பது அவருக்கு வேதம். சீட்டைப் படித்துவிட்டு வராந்தாவில் வைத்துச் சொன்னார்: "இவன் விடல. விட்டிருந்தா இது ஏன் ஏறுது? அடுப்புல நெருப்ப அணைச்ச பிறகு தண்ணி கொதிச்சுக்கிட்டே இருக்குமா?" "ஏங்க, மெதுவா பேசுங்க" என்றேன். அவர் கேட்கவில்லை. "நேத்து வண்டி எடுக்கப் போனப்ப இவன் ஸ்கூட்டர் டிக்கில பாத்தேன். பாதி பாட்டில் கிடக்கு." அது எப்போதிலிருந்து அங்கே கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. காமாலை வருவதற்கு முன்பே வைத்து மறந்ததாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அப்படி யோசிக்க யாருக்கும் தெம்பில்லை. நளினி அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள். "நான் நம்பினேன் மாமா" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு அவள் என்னிடம் வந்தாள். "அத்தை, குடிச்சதக்கூட நான் தாங்கிக்கிட்டேன். சாகக் கிடக்கிற நேரத்துலயும் என்கிட்ட பொய் சொல்லிட்டு இருந்திருக்காருன்னா, அத என்னால தாங்க முடியல. இவரு பொழைக்கிற வரைக்கும் வந்து பாத்துக்கறேன். ஆனா நான் மீனுவோட உறையூருக்கே போயிடறேன். அதுக்கப்புறம் உங்க வீட்டுக்கு வரல." உறையூரில் அவள் அம்மா வீடு ஒன்றும் தூரமில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அவள் சொன்ன விதத்தில் அது வேறு தேசம்போல இருந்தது. நீ பொய் சொல்லியிருக்க மாட்டாய் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் எதை வைத்துச் சொல்வேன்? கட்டிலில் நீ மூடிய கண்ணோடு டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தாய். உன்னை எழுப்பி, "சொல்லுடா, குடிச்சியா இல்லையா" என்று கேட்கிற நிலையில் நீ இல்லை. உனக்காகப் பேச உன் வாய்கூட உன் பக்கம் இல்லாமல் போன நாள் அது.

அந்த நேரத்தில்தான் டாக்டரம்மா எங்கள் மூவரையும் அவர் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு முக்கியமான மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால் வீட்டாரிடம் பேசவேண்டும் என்று. அப்பா உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். "டாக்டர், அவன் ஏமாத்தறான். விட்டுட்டேன்னு சொன்னவனுக்கு இவ்வளவு ஏறுமா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "சார், உக்காருங்க. ஏறும். விட்டவங்களுக்கும் ஏறும். இந்த வியாதியோட குணமே அதுதான்" என்றார். நளினி தலையை நிமிர்த்தினாள். அடுத்து அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். இத்தனை மாதமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

"நம்ம குடலுக்குள்ள கணக்கில்லாத கிருமிங்க இருக்கு. அது அங்கயே இருக்கிற வரைக்கும் தொந்தரவு இல்ல. குடி என்ன பண்ணும்னா, கல்லீரலத் தாக்குறதோட, குடல் சுவரயும் தளர விட்டுடும். கிருமிங்களோட உடஞ்ச துணுக்குங்க கசிஞ்சு, ரத்தத்தோட நேரா கல்லீரலுக்கு வரும். அங்க காவலுக்குன்னே சில செல்கள் நிரந்தரமா உக்காந்திருக்கு. அதுங்களுக்கு இந்தத் துணுக்கு பட்ட உடனே, எதிரி உள்ள வந்துட்டான்னு ஒரு ரசாயனத்தை வெளிய விடும். செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு பேசுற பாஷை அதுதான். அதக் கேட்டுட்டு ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்கள் கூட்டமா ஓடி வரும். கிருமியக் கொல்றதுக்கு வெச்சிருக்கிற விஷத்த எல்லாம் அங்க கொட்டும். அங்க நிக்கறது என்னமோ கல்லீரலோட சொந்த செல்லுங்கதான். அதுங்க சாகும். செத்த செல்லுலேந்து சிதறுறது இருக்கே, அதுவும் காவல்காரங்க காதுல இன்னொரு அபாயச் செய்தியா விழும். இன்னும் கூப்பிடுவாங்க, இன்னும் வருவாங்க. நாங்க இன்ஃப்ளமேஷன்னு சொல்றோமே, அழற்சி, அது இதுதான். ஆரம்பிச்சு வெச்சது குடி. நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு கட்டத்துக்கு மேல, குடிச்சாலும் குடிக்காட்டியும் அது தானா ஓடும். வாரக்கணக்குல ஓடும்."

அப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அப்ப இந்த நம்பர வெச்சு அவன் குடிச்சான்னு சொல்ல முடியாதா?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"முடியாது சார். குடிக்கலன்னும் சொல்ல முடியாது, குடிச்சார்னும் சொல்ல முடியாது. சிறுநீர்ல ஒரு டெஸ்ட் இருக்கு. சமீபத்துல சில நாளுக்குள்ள குடிச்சிருந்தா காட்டிக் கொடுத்திடும். இப்ப நான் கொடுக்கப்போற மருந்து அத வெச்சு மாறப்போறதில்ல. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும்னா எழுதித் தரேன்."

நான் நளினியைப் பார்த்தேன். அவள் வாழ்க்கையின் கேள்விக்கு விடை ஒரு சின்ன டப்பாவில் கிடைக்கும் என்கிறார்கள். நானாக இருந்தால் கேட்டிருப்பேன் கதிர், மறைக்காமல் சொல்கிறேன். அவள் துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "எனக்கு வேண்டாம் டாக்டர்" என்றாள். "விட்டுட்டேன்னு எங்கிட்ட சொன்னாரு. அந்தப் பாட்டில் எப்பவோ வெச்சு மறந்ததாக்கூட இருக்கலாம், அது பொய்னு நெனச்சதுக்கு இந்த ரிப்போர்ட்தான் காரணமா இருந்துச்சு. அதுவும் இப்ப இல்லன்னு சொல்லிட்டீங்க. நீங்க மருந்த ஆரம்பிங்க." டாக்டரம்மா அப்பா பக்கம் திரும்பினார். அப்பா தலையை ஆட்டி, "எனக்கும் வேண்டாம்மா" என்றார். அந்த டெஸ்ட் செய்யப்படவே இல்லை. நீ நினைவில்லாமல் கிடந்தபோது உன் வாழ்க்கையில் நடந்த பெரிய விஷயம் இதுதான். உன் சார்பில் பேச நீ இல்லாத இடத்தில், ஆதாரம் ஏதும் கேட்காமல் உன்னை நம்பினாள் உன் மனைவி.

மருந்து ஸ்டீராய்டு. அந்தக் காவல் செல்களின் கூச்சலை அடக்குகிற மருந்து என்று சொன்னார். ஆனால் கூச்சலை அடக்கினால், நிஜமாகவே கிருமி உள்ளே வந்தாலும் அந்தச் செல்கள் சும்மா இருந்துவிடும். கத்தி மேல் நடக்கிற காரியம். அதனால் முதலில் காய்ச்சலுக்குக் காரணமான தொற்றைத் தேடி, அதற்கு மருந்து கொடுத்து, அது அடங்கியது என்று உறுதியான பிறகுதான் ஆரம்பித்தார்கள். ஒரு வாரம் கொடுத்துப் பார்ப்போம், மஞ்சள் இறங்கினால் தொடருவோம், இறங்காவிட்டால் நிறுத்திவிடுவோம், அதற்கு மேல் எங்கள் கையில் அதிகம் இல்லை என்று நளினியிடம் நேராகவே சொன்னார். அந்த வாரம் நான் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. அரங்கன் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பாலத்திலிருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டதோடு சரி. இறங்கி நின்று கேட்க பயமாக இருந்தது.

அந்த வாரத்தில் அப்பா செய்த ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பத்தியம் என்று நாங்கள் உன்னைப் பட்டினி போட்டதற்கு டாக்டரம்மா திட்டினார். "உப்பக் குறைங்க, சாப்பாட்ட ஏன் குறைச்சீங்க? ஒடம்புல சதையே இல்ல. புரதம் வேணும். பால், பருப்பு, சுண்டல், முட்டை எதுவானாலும் சரி. ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடிகூட வெறும் வயித்தோட விடாதீங்க" என்றார். நம் வீட்டுக்குள் முட்டை வந்ததே இல்லை. பக்கத்து ஃபிளாட்டில் ஆம்லெட் போட்டால் ஜன்னலைச் சாத்துகிற மனிதர் அப்பா. மறுநாள் காலையில் நான் பருப்புக் கஞ்சியோடு வந்து பார்க்கிறேன், அவர் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு உரிக்கத் தெரியவில்லை. பாதி வெள்ளை ஓட்டோடு போய்க்கொண்டிருந்தது. மிச்சத்தைக் கிள்ளிக் கிள்ளி உன் வாயில் வைத்தார். நீ ஒரு வாய் மென்றுவிட்டு, "எந்த ஓட்டல் சார் இது, நல்லா இருக்கு" என்றாய். அப்பா, "சாப்பிடுப்பா, இன்னொண்ணு இருக்கு" என்றார். பிறகு, நீ கேட்கவில்லை என்று நினைத்து, "நான் உன்ன சந்தேகப்பட்டுட்டேன்டா" என்றார். நீ அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாய். நான் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். உன்னிடம் நேரில் இதை அவர் சொல்லமாட்டார். நீ கேட்கும்போதெல்லாம் எழுந்து போவது இதனால்தான். இனிமேல் கேட்காதே. விஷயம் தெரிந்துவிட்டதல்லவா, போதும்.

வாரக் கடைசியில் ரிப்போர்ட்டை டாக்டரம்மாவே கையில் எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார். "இறங்கிருச்சு" என்றார். அவ்வளவுதான். நளினி உன் கட்டில் பக்கம் போய் உன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அப்பா அந்தச் சீட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பலமுறை படித்தார், பரீட்சை முடிவில் தன் நம்பரைத் தேடுகிறவர்போல. அதற்கு முன்பே, சிரப்பும் சாப்பாடும் சேர்ந்து, நீ பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தாய். ஒரு காலையில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "என்னம்மா இவ்வளவு எளச்சுட்ட" என்று கேட்டாய். அதிலிருந்து உனக்கு ஞாபகம் இருக்கும்.

இனி அம்மாவாக நான் சொல்ல வேண்டியது. உன் கல்லீரல் இப்போது நன்றாக இருக்கிறது என்று போன மாதம் ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னதை நாம் எல்லோரும் கேட்டோம். இறுக்கம் குறைந்திருக்கிறது, இன்னும் குறையலாம். ஆனால் தழும்பு முழுவதும் போகவில்லை என்றும் சொன்னார். ஒருமுறை அடிபட்ட கல்லீரலில் மறுபடி கொஞ்சம் குடித்தாலும் அந்தக் கூச்சல் சுலபமாகக் கிளம்பிவிடும் என்றார். அதனால் கொஞ்சம் என்பது உனக்கு இல்லை, என்றைக்கும் இல்லை. குடி விடுகிறவர்களுக்கான கவுன்சலிங்கை ஓசூரிலும் விடாதே. ஆசை வருகிற நாளில் அதை ஒரு குற்றம்போல மறைக்காமல், தலைவலி என்று சொல்வதுபோல நளினியிடம் சொல்லிவிடு. புது டாக்டரிடம் போனால் முதல் வார்த்தையாக இந்தக் கதையைச் சொல். கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரையும் வேண்டாம், யாராவது நல்லெண்ணத்தில் தரும் பச்சிலையும் வேண்டாம். ராத்திரி பட்டினியோடு படுக்காதே. வெட்கப்படாதே. புது வேலையில் யாராவது "ஒரு நாளைக்கு என்ன சார்" என்று கையைப் பிடித்தால், எனக்கு உடம்பு சரியில்லாமல் போய்ப் பிழைத்து வந்தேன் என்று சொல். அதற்கு மேல் வற்புறுத்துகிறவன் உனக்கு வேண்டாம்.

இதெல்லாம் உனக்கு நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. ஸ்கேன் எடுக்கப் போன அன்று நான் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது, நீ உட்கார்ந்திருந்த இடத்தில் இல்லை. எதிர் வரிசையில் ஒரு இளைஞன், கண் இரண்டும் எலுமிச்சம்பழமாக, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். வெள்ளைத் தொப்பி போட்ட அவன் அத்தா எல்லோரும் பார்க்கும்படி, "அல்லாவுக்கு பயந்து ஒரு வார்த்தையாச்சும் உண்மை பேசுடா, விட்டவனுக்கு இப்படி ஏறுமா?" என்று அவனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். நீ போய் அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். "பாய், ஒரு நிமிஷம். எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. விட்ட பிறகும் ஏறும் பாய். உள்ள போய் டாக்டரக் கேட்டுப் பாருங்க. அது வரைக்கும் திட்டாதீங்க" என்று சொன்னாய். அவர் உன் முகத்தையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களா தம்பி? உங்களுக்கா?" என்று கேட்டார். "ஆமா பாய், நானேதான்" என்று சொல்லிச் சிரித்தாய். அவர் கை மகன் தோளிலேயே இருந்தது, ஆனால் உலுக்குவது நின்றுவிட்டது. நான் மருந்துப் பையோடு தூணுக்கு இந்தப்பக்கமே நின்றேன். என் பிள்ளை பிழைத்துவிட்டான் என்று நான் முழுதாக நம்பியது அந்த நிமிஷத்தில்தான்.

உங்கள் கார் தெருமுனை திரும்பிய பிறகு நானும் அப்பாவும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றோம். உள்ளே வந்து ஆளுக்கு ஒரு தட்டு ரசம் சோறு சாப்பிட்டோம். சும்மா தலை சாய்க்கலாம் என்று படுத்தவர்கள், இரண்டு பேருமே தூங்கிப்போனோம். நீ எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், எந்த நிலையில் வருவாய் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுக்காமல், சின்ன வயதில் தூங்கியதுபோல ஒரு தூக்கம். சாயங்காலம் பால்காரர் வெகுநேரம் மணி அடித்துப் பார்த்துவிட்டு, வாசலில் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா